வேனின் டயர் செயின் மக்கர் செய்கிறதா? தொல்லையை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பனியில் நின்றபடி, விரல் மரத்துப்போய், ஒரு கையில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும் செயினும் மறு கையில் போனுமாக இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதலில் ஒன்று மட்டும். வண்டி சாலையை விட்டு விலகி, சமதளத்தில் நிற்கிறதா? ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறீர்களா? செயின் மாட்டாத சக்கரத்துக்கு ஒரு கல்லோ கட்டையோ முட்டுக் கொடுத்தீர்களா? சரி, இனி உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

என் வேனுக்கும் கூட வந்தவர்களின் வேன்களுக்கும் செயின் மாட்டிக் கழற்றி, திரும்பத் திரும்பப் பார்த்தது இது. செயின் மட்டம் என்று திட்டுகிறவர்களில் பலர் தொய்வோடு ஓட்டியவர்கள், அல்லது ரிம் அளவை மட்டும் சொல்லி வாங்கியவர்கள். செயின் மேல் தப்பு இருந்ததை நான் பார்த்தது ரொம்பக் குறைவு.

## எட்டவே இல்லை, கொக்கி மாட்ட நாலு விரல் குறைகிறது

அளவு தப்பு என்று முடிவு கட்டுவதற்கு முன் டயரைச் சுற்றிக் கையை விட்டுத் தடவுங்கள். எங்காவது ஒரு கண்ணி முறுக்கிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் உள்பக்கச் சங்கிலி டயரின் தோளில் ஏறாமல் பாதி வழியில் தொங்கும். பெரிய வேன்களில் பின்சக்கரம் மட்கார்டுக்குள் ஆழமாக உட்கார்ந்திருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது, டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு முறுக்கு இருந்தாலே நாலு விரல் நீளம் போய்விடும்.

அது சரியாக இருந்தால் டயருக்கு அடியில் பாருங்கள். வண்டியின் எடை செயினின் ஒரு பகுதியை அழுத்திப் பிடித்திருந்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது. ஓரடி முன்னால் நகர்த்துங்கள், அடியில் மாட்டியது மேலே வரும், அப்புறம் இழுங்கள். நகர்த்தும்போது கை சக்கரத்தருகே இருக்கக்கூடாது, உதவிக்கு நிற்பவரின் கையும்தான். அடுத்தது டென்ஷனர், அதாவது செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம். போன தடவை இறுக்கிய நிலையிலேயே பூட்டிக் கிடக்கும். பூட்டைத் திறந்து சங்கிலியை முழுசாகப் பின்னுக்கு விட்டால்தான் வாய் விரியும். ஏணி மாதிரிக் குறுக்குச் சங்கிலி உள்ள பழைய வகை என்றால், உள்பக்கக் கொக்கி எத்தனையாவது கண்ணியில் மாட்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே மூன்று கண்ணி மிச்சம் விட்டு, வெளியே ஒன்றைக்கூட மிச்சம் விடாமல் இழுத்தால் அது எப்படி வரும்?

இத்தனைக்கும் பிறகும் எட்டவில்லை என்றால் அளவுதான். டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணை முழுசாகப் படித்து, செயின் பெட்டியில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். "16 இன்ச்" என்பது ரிம் மட்டும்தான். 235/65 ஆர் 16 டயரின் மொத்த விட்டம் சுமார் 712 மில்லிமீட்டர், 245/75 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 774. இரண்டும் பதினாறுதான், ஆனால் சுற்றளவில் கிட்டத்தட்ட 19.5 சென்டிமீட்டர் வித்தியாசம். வாங்கியபோது இருந்த டயரை மாற்றிவிட்டுப் பழைய செயினையே வைத்திருப்பவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: காற்றை இறக்கிவிட்டு மாட்டுவது. மாட்டிவிடும், ஆனால் திரும்பக் காற்று அடிக்க அங்கே வழி இருக்காது. காற்று குறைந்த டயரில் எடை நிறைந்த வேன் ஓடினால் செயின் அலையும், டயரும் போகும்.

## மாட்டியாச்சு, ஆனால் தொளதொளவென்று இருக்கிறது

புதிதாக மாட்டிய செயின் முதல் சில சுற்றுகளில் தளரத்தான் செய்யும். டயரின் பள்ளங்களில் கண்ணிகள் போய் உட்காரும்போது தொய்வு வெளியே வரும், அது பிழை இல்லை. நூறு இருநூறு மீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்தி, இறங்கி மறுபடி இறுக்குங்கள். தானாக இறுக்கிக்கொள்ளும் வகை என்று பெட்டியில் போட்டிருந்தாலும் நான் இறங்கிப் பார்க்காமல் போனதில்லை.

இரண்டாம் தடவை இறுக்கியும் தொய்வு இருந்தால், உள்பக்கம் தொய்வாக இருந்து வெளியே மட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பக்கம் எவ்வளவு இழுத்தாலும் உள்பக்கத் தொய்வு போகாது. அவிழ்த்து, உள் கொக்கியை ஒரு கண்ணி முன்னால் மாட்டி, மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். எரிச்சலாக இருக்கும், குறுக்கு வழி கிடையாது.

உள்ளும் வெளியும் கடைசிக் கண்ணி வரை போயும் தளர்ந்தே இருந்தால் செயின் பெரிசு. வெளிப்பக்கம் போடும் ரப்பர் இழுவை வளையம் சின்னத் தொய்வை வாங்கிக்கொள்ளும், ஆனால் அளவு தப்பான செயினை அது சரிசெய்யாது. அந்த ரப்பரை நம்பி மலையேறியவரின் செயினைப் பாதி வழியில் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்திருக்கிறேன்.

## டக், டக் என்று உடம்பில் அடிக்கிறது

உடனே நிறுத்துங்கள். அடுத்த வளைவு வரை போகலாம் என்று நினைக்காதீர்கள். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே பிரேக் எண்ணெய் போகும் குழாயான பிரேக் ஹோஸும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸின் சென்சார் வயரும் இருக்கின்றன.

நிறுத்திப் பார்த்துக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் ஒரு வேலை செய்யுங்கள். கூட இருப்பவர் நடக்கும் வேகத்தில் ஓட்டட்டும், நீங்கள் நாலைந்து அடி தள்ளி, சக்கரத்துக்கு இணையாக நடந்து வாருங்கள். சத்தத்தை எண்ணுங்கள்.

ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. ஒற்றை வால்தான் காரணம். இறுக்கியபின் மிஞ்சும் சங்கிலி நுனியைக் கொக்கியில் மாட்டாமல் விட்டிருப்பீர்கள், அல்லது மாட்டியது கழன்றிருக்கும். மிஞ்சிய நுனியைப் பக்கச் சங்கிலிக்குள் கோத்து நுனியைப் பூட்டுங்கள், அது போதும். பிளாஸ்டிக் டை இருந்தால் நுனியைக் கட்டவும் உதவும், நுனிக்கு மட்டும், இழுவை வரும் இடத்தில் இல்லை. ஒரு வேனில் மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கில் வரிசையாகப் பிறை பிறையாக வெள்ளைக் கீறல்கள் இருந்தன. அவ்வளவையும் செய்தது இரண்டு கண்ணி நீள வால். சத்தம் கேட்டும் எட்டு கிலோமீட்டர் வந்திருக்கிறார் மனிதர், பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு.

ஒரு சுற்றுக்குப் பல தட்டு, நேராகப் போகும்போதே. மொத்தச் செயினும் தொய்வு, அல்லது டயருக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே இடைவெளி போதவில்லை. தொய்வை மேலே சொன்னபடி நீக்குங்கள். அதற்கப்புறமும் சத்தம் வந்தால் இடைவெளிதான், அதை அங்கே நின்று சரிசெய்ய முடியாது.

திருப்பும்போது மட்டும். முன்சக்கரத்தில் செயின் போட்ட வேனுக்கு இது வரும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, டயரின் உள்தோளுக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவில் டார்ச் அடியுங்கள். முழு ஒடிப்பில் மட்டும் லேசாக உரசினால் முழுக்க ஒடிக்காமல் ஓட்டிப் பக்கத்தில் உள்ள பாதுகாப்பான இடம் வரை போகலாம். பாதி ஒடிப்பிலேயே உரசினால் கழற்றிவிடுங்கள்.

குழியில் இறங்கும்போது மட்டும். சுமை அதிகம், ஸ்பிரிங் அமுங்கி டயர் மேலே போகிறது. படுக்கை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டிய வேன்களில் பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். காலி வண்டியில் வீட்டு வாசலில் மாட்டிப் பார்த்தபோது இது தெரிந்திருக்காது.

இடைவெளிக்கு ஒரு அளவு இருக்கிறது. அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுப்புகள் என்று சொல்வார்கள். எஸ் வகுப்புச் செயினுக்கு டயரின் பக்கவாட்டில் குறைந்தது 15 மில்லிமீட்டரும் மேல்பரப்புக்கு மேலே 37 மில்லிமீட்டரும் வேண்டும். யு வகுப்புக்கு 23, 50. டபிள்யூ வகுப்புக்கு 38, 63.5. உங்கள் வேனின் கையேட்டில் எஸ் என்று போட்டிருந்தால் தடித்த லாரிச் செயின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். ஐரோப்பியப் பெட்டிகளில் இ.என். 16662-1 என்ற குறி இருக்கும், அது தரத்துக்கான குறி, உங்கள் வண்டியின் இடைவெளிக்கு உத்தரவாதம் இல்லை. அகல ரிம்மோ, சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசரோ போட்டிருந்தால் கையேட்டுக் கணக்கே மாறிவிடும், நீங்களே அளக்க வேண்டும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் இடம்: பிரேக் ஹோஸில் வெள்ளையாகக் கீறல், ஈரம், அல்லது பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே போவது. மூன்றில் எது இருந்தாலும் வண்டி அங்கேயே நிற்கட்டும், இழுவை வண்டி வரட்டும். என் வேனில் ஒருமுறை உள் கொக்கி கழன்று ஹோஸின் மேல் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. மேல்தோல்தானே என்று தோன்றியது, ஆனாலும் ஓட்டவில்லை. அதற்காக இன்று வரை வருத்தப்படவும் இல்லை.

## செயின் இருந்தும் சக்கரம் சுழல்கிறது

கேட்கவே கூச்சமாக இருக்கும், ஆனாலும் முதல் கேள்வி இதுதான்: செயின் இருப்பது இயங்கும் சக்கரத்திலா? ஃபியட் டுகாட்டோ முன்சக்கர இயக்கம், அதனால் முன்னால் போட வேண்டும். ஃபோர்டு டிரான்ஸிட் முன்சக்கரம், பின்சக்கரம், நாலு சக்கரம் என்று மூன்று விதத்திலும் வருகிறது. வெளியே பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாடகை வேன் எடுப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். நாலு சக்கர இயக்கம் என்றால் எந்த ஆக்சில் என்பதைக் கையேடுதான் சொல்லும், ஊகம் வேண்டாம்.

அடுத்தது, இரண்டு பக்கமும் இருக்கிறதா? ஒன்று அறுந்துவிட்டது, ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம் என்றால் செயின் இல்லாத பக்கம் சும்மா சுழலும், வண்டி நகராது. பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும்.

இரண்டும் சரி, ஆனாலும் கிளம்பும்போது இஞ்சின் மூச்சுத் திணறுகிற மாதிரி அடங்குகிறது என்றால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் வேலையைக் காட்டுகிறது. செயின் பிடிப்பெடுக்கச் சக்கரம் கொஞ்சம் சுழல வேண்டும், அது சுழல ஆரம்பித்ததுமே எலெக்ட்ரானிக்ஸ் பவரைக் குறைத்துவிடுகிறது. கையேடு அனுமதித்தால் கிளம்பும் வரை அந்தப் பொத்தானை அணைத்து, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள், நகர்ந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள்.

இதுவும் இல்லையென்றால் செயின் வகையே போதவில்லை. மெல்லிய கம்பிக் கேபிள் வகை, துணி உறை வகை எல்லாம் சின்னக் காருக்குச் சமாளிக்கும். மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள வேன் ஏற்றத்தில் அழுத்தும்போது துணி உறை சீக்கிரம் கந்தலாகும். ஏணி வகையில் இரண்டு குறுக்குச் சங்கிலிக்கு நடுவே டயர் வெறுமையாக இருக்கும் நேரம் வந்துபோகும், அந்த நேரத்தில்தான் பக்கவாட்டில் வழுக்கும். வைர வடிவப் பின்னலில் ஏதாவது ஒரு கண்ணி எப்போதும் தரையில் இருக்கும். பெரிய வேனுக்கு, இடைவெளி அனுமதித்தால், நான் வைரப் பின்னலைத்தான் சொல்வேன். செயினின் தடிமன் 16 மில்லிமீட்டர் என்று பெட்டியில் எழுதியிருப்பது வேன்களுக்கும் ஜீப் வகைகளுக்கும் சாதாரணமாக வருவது, 9 என்பது கார்களுக்கு.

## ஓடும்போது கழன்று உள்பக்கம் விழுந்துவிட்டது

கைக்கு எட்டாத இடத்தில் ஆக்சிலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். இழுத்துப் பார்க்கும் ஆசையில் ரிவர்ஸ் போட்டு உருட்டாதீர்கள், இன்னும் சுற்றும். இஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக் கையால் எதிர்ப்பக்கம் அவிழ்க்கப் பாருங்கள். வராவிட்டால் வெட்டும் குறடு. செயினைவிட ஹோஸுக்கு மதிப்பு அதிகம். பனி மேல் ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் தலையை விடுவது மட்டும் கூடவே கூடாது. அங்கே கையால் முடியாதென்றால் ஆள் கூப்பிடுங்கள்.

ஏன் கழன்றது? தொய்வு, அல்லது வேகம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது பெரும்பாலான செயின்களுக்கு மேல் எல்லை. பனியில்லாத தார் தெரிந்தால் அதைவிடவும் குறையுங்கள். கொக்கியின் திறந்த வாய் டயரைப் பார்த்து இருந்திருந்தாலும் கழலும். வாய் எப்போதும் வெளியே பார்க்க வேண்டும், வழுவழுப்பான பக்கம் டயர் மேல். கண்ணிகளில் வி வடிவக் கட்டை பற்றவைத்த வகை என்றால் கட்டை தரையைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் கழலுவதற்கு முன் டயரையே அறுக்கும்.

## கண்ணி அறுந்தது

குறுக்குச் சங்கிலி ஒன்று அறுந்தால் தொங்கும் துண்டுகளை அப்போதே நீக்குங்கள், அல்லது திருகும் ரிப்பேர் கண்ணி இருந்தால் இணையுங்கள். அப்படியே இறக்கம் முடியும் வரை, நடையைவிடச் சற்றுக் கூடுதல் வேகத்தில் போகலாம். பக்கச் சங்கிலி அறுந்தால் கம்பி கட்டி ஓட்டாதீர்கள், இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு நின்றுவிடுவதுதான் சரி.

அறுந்த கண்ணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்து மெலிந்திருந்தால் தார்ச்சாலையில் ஓட்டியதன் கைங்கரியம், மற்றக் கண்ணிகளும் அதே நிலைதான், செயினையே மாற்றுங்கள். தடிமன் குறையாமல் நறுக்கென்று உடைந்திருந்தால் சக்கரம் நின்ற இடத்தில் வேகமாகச் சுழன்று திடீரென்று பிடித்த இடம் அது.

## பின்னால் டபுள் டயர்

தனிச் சக்கரத்துக்கான செயினை இரண்டையும் சேர்த்துப் போட முயலாதீர்கள். கையேடு வெளி டயரில் மட்டும் போடச் சொன்னால் அப்படி, இரண்டையும் மூடும், மூன்று பக்கச் சங்கிலி உள்ள வகையைச் சொன்னால் அப்படி. மாட்டுவதற்கு முன் இரண்டு டயருக்கும் நடுவில் சிக்கிய கல்லையும் பனிக்கட்டியையும் தட்டி எடுங்கள். உள் சங்கிலி உட்கார வேண்டிய இடமே அதுதான், அங்கே பனிக்கட்டி இருக்கும்போது இறுக்கினால் அது உருகியதும் தொய்வு வரும்.

## இறக்கத்தில் ஸ்டியரிங் கேட்கவில்லை

பின்சக்கர இயக்க வேனில் பின்னால் மட்டும் செயின் போட்டால் ஏற்றத்தில் ராஜா, இறக்கத்தில் முன்சக்கரம் தன்பாட்டுக்கு நேராகப் போகும். இது செயினின் கோளாறு இல்லை. குறைந்த கியரில், பிரேக்கைக் கிள்ளிக் கிள்ளிப் பிடித்துப் போங்கள். முன்னாலும் செயின் போடலாமா என்பது கையேட்டையும் இடைவெளியையும் பொறுத்தது. முன்சக்கர இயக்க வேனில் நேர் எதிர்: முன்னால் பிடிக்கும், பின்பகுதி வளைவில் வீசும், காலி வண்டியில் இன்னும் அதிகமாக.

## டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு

செயின் கழற்றி, வண்டியை அணைத்துப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டியதும் அணைந்தால் விட்டுவிடுங்கள். அணையவில்லை என்றால் சக்கரத்தின் உள்பக்கம் சென்சார் வயரைப் பாருங்கள். வயர் அறுந்திருந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏ.பி.எஸ். செய்யாது, அதை மனதில் வைத்து மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டாதீர்கள்.

## கழற்ற வரவில்லை

கொக்கி பனியில் உறைந்திருக்கும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் பனி உதிரும், ஃப்ளாஸ்கில் வெந்நீர் இருந்தால் அதுவும் நல்லது. கொக்கி இருக்கும் இடம் டயருக்கு அடியில் போயிருந்தால் அரைச் சுற்று நகர்த்தி அது மேலே வரும்படி நிறுத்துங்கள். முதலில் இறுக்கம், அப்புறம் வெளிக்கொக்கி, கடைசியில் உள்கொக்கி. செயினைத் தரையில் விரித்துவிட்டு அதன்மேலிருந்து வண்டியை நகர்த்தி எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், பனி உருகச் சாலையில் தூவியதில் ஒட்டிய உப்பைக் கழுவி, காய வைத்து, முறுக்கில்லாமல் மடித்து வையுங்கள். ஈரப் பையில் கட்டி வைத்தால் அடுத்த குளிர்காலத்தில் துரு பிடித்த உருண்டைதான் கிடைக்கும், அதைப் பிரிக்கும்போதுதான் நாலு விரல் எட்டாத பிரச்சினையும் ஆரம்பிக்கும். மடிப்பதற்கு முன் காய்ந்த தரையில் ஒருமுறை முழுசாக மாட்டிப் பார்த்துவிட்டும் வையுங்கள், டயரை மாற்றியிருந்தால் கட்டாயம்.